தலையில்லாதவர் ஓடிய தூரம்

ஏழாவது தடவையாக அனோப் சிங் மாட்டுத் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, குதிரையின் முதுகில் கையை வைத்து, "மாஸ்டர்ஜி, இந்தத் தடவை ஏறிடுவேன்" என்றான். அப்புறம் கையை எடுத்தான், இறங்கினான், தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டான். குதிரை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து ஊர் வண்டிக்காரரின் கிழட்டுக் குதிரை அது. வண்டி இழுப்பதை விட்டு மூன்று வருடமாயிற்று, பல்லில் பாதி போய்விட்டது, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. வற்றிக் கிடந்த ஏரிக்குள், ஊர்க்கண்ணில் படாத கரையோரமாக, வெயிலில் நானும் அதனோடு நின்றுகொண்டிருந்தேன். ஐம்பத்தாறு வயதில் எனக்கு இது தேவையா என்று யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அனோப் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். மின்சார வாரியத்தில் லைன்மேன். புழுதிப்புயல் அடிக்கும்போது கம்பத்தில் ஏறி, ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு மறுகையால் கம்பியைப் பூட்டுவான். ஒருமுறை அவன் மேலே இருக்கும்போதே எவனோ இணைப்பைக் கொடுத்துவிட்டான். அனோப் கீழே வந்து, அவனை நாலு அறை விட்டு, டீ குடித்துவிட்டு மறுபடி ஏறினான். ஆனால் குதிரை என்றால் மட்டும் கை கால் உதறும். ஒன்பது வயதில் சித்தப்பா மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் இவனை உட்கார வைத்தார்கள். பட்டாசுச் சத்தத்தில் குதிரை மிரண்டது. மாப்பிள்ளை குதித்துத் தப்பிவிட்டார். இவனைக் குதிரை அப்படியே கொண்டுபோய் சமையல் பந்தலில், பூரிக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் போட்டது. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இப்போது அவனுக்கே கல்யாணம், இன்னும் மூன்று நாளில். எங்கள் பக்கத்து ராஜபுத்திரக் கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையில்தான் பெண் வீட்டு வாசலுக்கு வரவேண்டும். வந்து, வாசல் நிலையில் கட்டிய, மரக்கிளிகள் பதித்த தோரணத்தைக் குதிரையில் இருந்தபடியே வாளால் தொடவேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். காலம் மாறிவிட்டது, காரில் வருகிறவர்களும் உண்டு. ஆனால் பெண்ணின் அப்பா அந்த விஷயத்தில் சூடுபட்டவர். மூத்த மகளுக்கு வந்த மாப்பிள்ளை ஆஸ்துமா என்று ஜீப்பில் வந்து, நாற்காலியில் ஏறித் தோரணத்தைத் தொட்டான். அவர் ஊரில் இன்றைக்கும் அந்த மனிதனுக்குப் பெயர் ஜீப் மாப்பிள்ளை. அதனால் நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டார்: "சீர் எதுவும் கேக்கல, குடுக்கவும் மாட்டேன். மாப்பிள்ளை குதிரையில வரணும். வராட்டி ஊர்வலம் வந்த வழியே திரும்பிப் போகலாம்."

பெண் லாட் கன்வர், அந்த ஊர் சுகாதார நிலையத்தில் நர்ஸ். அங்கே மீட்டர் பெட்டி எரிந்துபோனபோது சரி செய்யப் போனவன் அனோப். அன்றைக்குச் சரி செய்தது அடுத்த வாரமே கெட்டது. அதற்கடுத்த வாரமும் கெட்டது. அந்த வட்டாரத்திலேயே மாதம் மூன்று முறை பரிசோதிக்கப்பட்ட ஒரே மீட்டர் அதுதான். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க மூன்று வருடம் ஆயிற்று. அவளுக்காகக் கம்பத்திலிருந்து குதி என்றால் குதிப்பான். குதிரையில் ஏறு என்கிறார்களே!

"அவகிட்டச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"எப்படிச் சொல்றது? ஜுஞ்ஜார் வம்சம்னு பீத்திக்கிட்டேனே."

அங்கேதான் நான் வருகிறேன். தலை போன பிறகும் நின்று சண்டை போட்டவர்களை எங்கள் பக்கம் ஜுஞ்ஜார் என்போம். அனோப்பின் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் ஹாதி சிங் அப்படி ஒரு ஜுஞ்ஜார். தலை விழுந்த இடத்தில் ஒரு மேடை, உடல் விழுந்த எங்கள் ஊர் கேத்லாவாஸ் எல்லையில் ஒரு சன்னதி. இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு கோசு தூரம், இன்றைய கணக்கில் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல், தலையில்லாமலே வெட்டிக்கொண்டு வந்தார் என்று என் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா நூறு ஈரடிகள் பாடியிருக்கிறார். நாங்கள் சாரணர் சாதி. ராஜபுத்திரர்களின் வீரத்தைப் பாட்டாகக் கட்டுவது எங்கள் பரம்பரை வேலை. வெட்டுவது அவர்கள் பொறுப்பு, வெட்டியதாகச் சொல்வது எங்கள் பொறுப்பு. அந்த நூறும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். முப்பதாவதில் தலை போகும். முப்பத்தொன்றில் மார்பில் இரண்டு கண் முளைக்கும். ஐம்பதுக்கு மேல் நான் குரலை உயர்த்தினால் கிழவர்கள் மீசையை முறுக்குவார்கள், பெண்கள் முக்காட்டுக்குள் விசும்புவார்கள். நான் பாடம் எடுக்கும் பையன்களில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் போய் அளந்து, மேடையிலிருந்து சன்னதி நாலு கிலோமீட்டர்தான் என்று சொன்னபோது அவனை வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றினேன். இலக்கியத்தின் கோசு வேறு, பொதுப்பணித்துறையின் கிலோமீட்டர் வேறு. இதுகூடத் தெரியாமல் என்ன படிப்பு?

மறுநாள் காலை ராவ்ஜி வந்து சேர்ந்தார். ராவ் மங்கிலால். வம்சாவளி எழுதுகிறவர். கல்யாணத்துக்கு முன்னால் வந்து, சிவப்புத் துணியில் சுற்றிய முழநீளப் புத்தகத்தைப் பிரித்து, முன்னோர் பெயரையெல்லாம் வாசித்துவிட்டு, வரப்போகிற மருமகள் பெயரை எழுதிக்கொண்டு போவார். அவர் குடும்பத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஆகாது. அவர்கள் எழுதுவது பெயர், நாங்கள் எழுதுவது புகழ். பேசாமல் இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "வாங்க ராவ்ஜி, ரேஷன் கார்டு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டுவைத்தேன். முற்றத்தில் இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். ராவ்ஜி சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அனோப்பின் அப்பா குமான் சிங் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் கம்பளிக் கிடங்கைக் காத்தவர். ஒரு கம்பளிகூடத் தொலைந்ததில்லை. மீசை மட்டும் எல்லையில் நின்று சண்டை போட்ட மீசை. ராவ்ஜி பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து ஹாதி சிங்கில் நிறுத்தி வணங்கினார், எல்லோரும் வணங்கினோம். அப்போது மூலையிலிருந்து அனோப் கேட்டான்:

"ராவ்ஜி, ஜுஞ்ஜார் பாபா எந்த வயசுல குதிரை ஏறப் பழகினாருன்னு அதுல போட்டிருக்கா?"

"எம்புள்ள கேக்குற கேள்வியப் பாத்தீங்களா!" என்று குமான் சிங் பூரித்துப்போனார். "வாசிங்க ராவ்ஜி, சின்னவங்க கேக்கட்டும்."

ராவ்ஜி ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு தாளைப் புரட்டினார். அவர் குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது, ரயில் நேரம் வாசிக்கிற மாதிரிதான் வாசிப்பார். "ஹாதி சிங். குதிரைக்கு அஞ்சுவார். ஆயுள் முழுக்க ஒட்டகத்தில் போனார். மாடு கவர்ந்தவர்களைத் துரத்தப் போகையில் ஒட்டகம் நோய்ப்பட்டிருந்தபடியால் குதிரையில் போக நேர்ந்தது. விழுந்துவிடுவேன் என்று அழுதார். மைத்துனன் தலைப்பாகைத் துணியால் அவரைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டினான். முதல் வெட்டில் தலை போயிற்று. குதிரை மிரண்டு வீட்டைப் பார்த்து ஓடி, ஊர் எல்லையில் நின்றது."

முற்றத்தில் பந்தல் போடுகிறவன் ஒருவன் ஏணியில் நின்றபடியே வாயைப் பிளந்துகொண்டிருந்தான். எனக்குத் தலைக்குள் ரத்தம் ஏறிவிட்டது. "யோவ், கையில வாள் இருந்துச்சா இல்லையா?" என்று கத்தினேன்.

"இருந்தது, ஹுக்கும்" என்றார் ராவ்ஜி. எங்கள் ஊரில் கழுத்தைப் பிடிக்கும்போதுகூட ஹுக்கும் என்ற மரியாதை குறையாது. "அதையும் கையோட சேத்துக் கட்டியிருந்தது."

"மாடு?"

"அத்தனை மாடும் திரும்பி வந்தது. தலையில்லாத ஆளு ஒருத்தர் வாளோட குதிரையில வேகமா போறதப் பாத்து மாடு திருடினவங்க விட்டுட்டு ஓடிட்டாங்க. அதுவும் எழுதியிருக்கு."

"ஓடினாங்கல்ல?" குமான் சிங் எழுந்தே நின்றுவிட்டார். "எதிரி ஓடினானா இல்லையா? அப்புறம் என்னய்யா வேணும்? மூடுங்க புஸ்தகத்த. இங்க கேட்டது இங்கயே இருக்கட்டும். யாராவது வெளிய வாயத் திறந்தா..." திறந்தால் என்ன செய்வார் என்பது அவருக்கே தெரியவில்லை, ஆகையால் டீ கொண்டுவரச் சொன்னார். நான் உட்கார்ந்த இடத்தில் வெந்துகொண்டிருந்தேன். நூறு ஈரடி! மார்பில் முளைத்த கண்! எல்லாம் ஒரு மைத்துனன் போட்ட முடிச்சு! ஆத்திரத்தில் அனோப்பைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. கல்யாணம் நிச்சயமான நாளில்கூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டான். "மாஸ்டர்ஜி, என்னையும் கட்டி விடுங்க."

"வெளிய போடா" என்றேன்.

"அவரும் பயந்தாருங்க. அழுதிருக்காரு. ஆனா போனாருல்ல? நூறு பாட்டுல இது ஒரு வரியில இருந்திருந்தா, இத்தன வருஷம் நான் ராத்திரி ராத்திரி, எனக்கு மட்டும் என்ன கேடுன்னு கெடந்து புழுங்கியிருக்க மாட்டேனே."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் எத்தனை மேடையில், எத்தனை சின்னப் பையன்களின் முன்னால் அந்த மார்பில் முளைத்த கண்களைப் பாடியிருக்கிறேன்! கீழே உட்கார்ந்திருந்த எவனெவன் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டானோ. ஆனாலும் கெத்தை விடவில்லை. "முடிச்சு உறுதியா இருக்கணும்னா பருத்தித் துணிதான் சரி" என்று மட்டும் சொன்னேன்.

கல்யாண நாளில் இரண்டு பஸ்ஸில் பெண் ஊர் சோன்புரா எல்லையில் போய் இறங்கினோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குதிரைக்காரர் ஷகூர் கான் அலங்காரம் செய்த வெள்ளைக் குதிரையோடு காத்திருந்தார். ஏரியில் தூங்கிய கிழட்டுக் குதிரையைப் போல இல்லை இது. காதை விறைத்துக்கொண்டு, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது. ஆட்கள் பாண்டுவாத்தியத்தைச் சுற்றி நின்ற நேரம் பார்த்து, பஸ்ஸின் மறைவில் நானும் இரண்டு நண்பர்களும் அனோப்பைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக் குதிரை மேல் வைத்தோம். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நான் இடுப்புத் துணியைச் சேணத்தின் வளையத்தில் நுழைத்து முடிச்சுப் போட ஆரம்பித்தேன். ஷகூர் கான் வந்து என் கையைப் பிடித்தார்.

"என்ன பண்றீங்க மாஸ்டர்?"

"சம்பிரதாயம்" என்றேன்.

"எந்த ஊரு சம்பிரதாயம்? குதிரை மெரண்டு இவரு சரிஞ்சாருன்னா, கட்டோட தரையில தேச்சு இழுத்துட்டுப் போகும். நாளைக்கு நான் ஜெயில்ல இருப்பேன். அவுருங்க." அவரே அவிழ்த்தார். பிறகு அனோப்பின் முழங்காலைப் பார்த்தார். அது சேணத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "ஓகோ" என்றார், குரல் கொஞ்சம் இறங்கியது. "போன மாசம் ஒரு மேக்வால் பையன, தலித் பையன, இதே குதிரையில ஏத்தினேன். ஊரு பேரு வேணாம். அவங்க சாதியில யாரும் அந்தத் தெருவுல குதிரையில போனதில்ல. மொட்ட மாடியில கல்லக் குமிச்சு வச்சிருந்தாங்க. யாரு குமிச்சாங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நாப்பது போலீஸ் கூட நடந்துச்சு. அந்தப் பையனுக்கும் இப்படித்தான் கால் ஆடுச்சு, பல்லு கிட்டிப்போச்சு. எறக்கிவிடட்டுமான்னு கேட்டேன். வேணாங்கன்னான். கடைசி வீடு வரைக்கும் வேணாங்கன்னான்."

அந்தப் பையனுக்கு நூறு ஈரடி எழுத ஆள் இல்லை. எங்களைத் தவிர வேறு யாருக்கு அந்த வேலை?

"எறக்கிவிடட்டுமா?" என்றார் ஷகூர் கான்.

அனோப்பின் முகத்தில் தொங்கிய பூச்சரம் அவன் மூச்சில் ஆடியது. "வேணாம்" என்றான். பாண்டு வாசிக்கத் தொடங்கியது. குதிரை ஒரு எட்டு வைத்ததும் "அய்யோ" என்றான். ஆனால் இறங்கவில்லை. இடது கையால் பிடரி மயிரை அவன் பற்றியிருந்த விதத்தைப் பார்த்தால் அந்தக் குதிரைக்கு வலித்திருக்கும். ஷகூர் கான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் காதோடு ஏதோ பேசிக்கொண்டே நடந்தார். குமான் சிங் முன்னால் மீசையோடு போனார். நான் குதிரையின் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

பெண் வீட்டு வாசல். மாடி முழுக்கப் பெண்கள். கீழே பெண்ணின் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். குதிரை நின்றது, வாளை எடுத்து அனோப்பின் கையில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை தோரணத்தைத் தொடுவதற்கு முன் சாரணன் பாட வேண்டும், அது முறை. வாசலில் பேச்சு அடங்கிவிட்டது. அந்த அமைதியில் ஒரு சலசலப்பு மட்டும் கேட்டது. தலைப்பாகையில் செருகிய குஞ்சமும், பூச்சரமும், கழுத்து மாலையும், எல்லாம் சேர்ந்து நடுங்குகிற சத்தம்.

"மாப்பிள்ளைக்கு என்ன, காய்ச்சலா?" என்றார் பெண்ணின் அப்பா.

குமான் சிங் முந்திக்கொண்டார். "அது ஜுஞ்ஜார் பாபா எறங்கியிருக்காரு. எங்க வம்சத்துல இப்படி வர்றதுண்டு. இல்ல, கவிராஜ்?" என்று என் பக்கம் திரும்பினார்.

தலையை ஆட்டியிருந்தால் போதும். முப்பதாம் ஈரடியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்திருந்தால் அந்த நடுக்கமே அருள் ஆகியிருக்கும், பெண்கள் குலவையிட்டிருப்பார்கள். என் தொழிலே அதுதான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டபோது மேலேயிருந்து அனோப்பின் குரல் வந்தது.

"யாரும் எறங்கல, ஹுக்கும். எனக்குக் குதிரைன்னா பயம். சின்ன வயசுலேர்ந்தே பயம்."

"கவிராஜ்!" குமான் சிங் என் தோளை உலுக்கினார். "பாடுய்யா! சத்தமா பாடு! அவன் பேசறது கேக்கக் கூடாது!"

நான் பெண்ணின் அப்பாவைப் பார்த்தேன், அனோப்பைப் பார்த்தேன். நாற்பது வருடமாகக் கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்ற பாட்டு, இப்போதும் நாக்கின் நுனியில் தயாராகத்தான் நின்றது. "மறந்துபோச்சு, ஹுக்கும்" என்றேன். குமான் சிங் வீட்டில் இனி எனக்குச் சாப்பாடு கிடைக்காது என்று தோன்றியது.

பெண்ணின் அப்பா கட்டிய கையைப் பிரிக்கவில்லை. "பயம்னா எதுக்கு ஏறின?" என்றார். அவர் கேட்டது கோபமா, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தானா என்று எனக்கு விளங்கவில்லை.

அனோப் பதில் சொல்வதற்குள் குதிரை தலையை உதறியது. அவன் ஒரு பக்கமாகச் சரிந்தான், கூட்டம் "ஏய்" என்றது. மாடியிலிருந்து ஒரு பெண் குரல், ஊசி போடும்போது நோயாளியிடம் பேசுகிற குரல், தெளிவாகச் சொன்னது: "கீழ பாக்காதீங்க. மூச்ச இழுத்து விடுங்க. மேல பாருங்க."

கல்யாணப் பெண் வாசலில் குரல் கொடுப்பது எங்கள் பக்கம் கேள்விப்படாத விஷயம். அது யார் குரல் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவர்கூடத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் அப்பா மட்டும் சட்டென்று மாடியை அண்ணாந்து பார்த்தார், அப்படியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனோப் நிமிர்ந்தான். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. வாளைத் தூக்கினான். தோரணத்தை ஏழு முறை தட்ட வேண்டும், மாடியில் பெண்கள் எண்ணுவார்கள். எண்ணத் தொடங்கினார்கள். "ஒண்ணு..." வாள் மரத்தில் பட்டதும் நடுக்கம் அதன் நுனிக்குப் போய்விட்டது. டக்டக்டக்டக்கென்று அது பாட்டுக்கு அடிக்கத் தொடங்கியது. "ரெண்டு, மூணு, அஞ்சு... ஏ, பத்துடி... இல்ல, பதினாலு!" எண்ணிக்கை தவறிப்போய் மாடியில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். "போதும், மாப்பிள்ளே, நிலை பேந்துரும்!" என்று யாரோ ஒருத்தி கத்தினாள். அவனால் நிறுத்த முடியவில்லை. பெண்ணின் அப்பா நிலைக்கு அடியில் வழியை மறைத்தபடியே நின்றார், ஆனால் கட்டியிருந்த கைகள் எப்போதோ பிரிந்திருந்தன. தோரணத்து மரக்கிளிகளிலிருந்து பச்சைச் சாயம் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து அவர் தலைப்பாகையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.